வாளி அண்ணன் அளந்த நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர்

அனுப்புநர்
மூக்குக் கண்ணாடிக் கடை உரிமையாளர்,
நிர்வாகி, 'காலை எட்டரை' மழை அளவுக் குழு.
(பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவை மே 19 அன்று நான் அளித்த முதல் மனுவில் உள்ளபடி)

பெறுநர்
உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையவழிக் குற்றத் தடுப்புப் பிரிவு.

பொருள்: மே 19 அன்று நான் அளித்த புகாரில் உண்மை பாதிக்கும் மேல் விடுபட்டுள்ளது – விடுபடச் செய்தது நானே – புகாரை முடித்துவைத்து, எதிர்மனுதாரரின் கைபேசியைத் திருப்பித் தரவும், அவரது நன்னடத்தைச் சான்றுக்கு உள்ள தடையை நாளை சனிக்கிழமைக்குள் நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் மே 19.
2. அதற்குத் தங்கள் நிலையம் வழங்கிய மனு ஏற்பு ரசீது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மே 19ஆம் தேதி முற்பகல் பதினொரு மணியளவில், நீல நிறக் கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தங்கள் முன் வந்து நின்றவள் நான். இணைய மிரட்டல், கடைக்குச் சேதம் என்று இரண்டு தலைப்புகளில் புகார் அளித்தேன். தாங்கள் அதைப் படித்துவிட்டு, "மழையை அளந்து என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரம் தங்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். இன்று வகுப்பு எதுவும் இல்லை. இதுவும் ஒரு புகார் மனுவே. புகார் யார் மேல் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

2. முதல் மனுவில் எதிர்மனுதாரரின் பெயரை முழுமையாக, தந்தை பெயருடன் எழுதியிருந்தேன். காவல் நிலையத் தாளில் அதை இன்னொரு முறை எழுத எனக்குக் கை வரவில்லை. குழுவில் எல்லோரும் அழைப்பது போல 'வாளி அண்ணன்' என்றே இங்கு குறிப்பிட அனுமதி வேண்டுகிறேன். முதன்முதலில் வாளியையும் மர ஸ்கேலையும் வைத்து மழை அளந்தவர் என்பதால் வந்த பெயர் அது. தொழில், பள்ளி வேன் ஓட்டுநர். பள்ளி வரும் திங்கட்கிழமை, ஜூன் 8 அன்று திறக்கிறது. காவல் துறையின் நன்னடத்தைச் சான்று இல்லாமல் வேனைப் பள்ளி வாசலுக்குள் விடமாட்டார்கள். என் புகார் நிலுவையில் இருப்பதால் அந்தச் சான்று நிற்கிறது. அவர் இடத்துக்கு வேறு ஓட்டுநரைப் பேசி வைத்துவிட்டதாகவும் தெரிய வருகிறது.

3. எங்கள் குழுவைப் பற்றிச் சுருக்கமாக. உறுப்பினர்கள் 214 பேர். ஆளுக்கொரு மழைமானியை மாடியிலோ முற்றத்திலோ வைத்திருப்போம். மழை பெய்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு, அளவுக்குழாயில் நிற்கும் நீரைக் கண் மட்டத்தில் வைத்துப் படம் எடுத்து, அளவுடன் குழுவில் பதிவோம். 'படம் இல்லையேல் அளவு இல்லை' என்பது குழுவின் முதல் விதி. எழுதியவள் நான். கோடை மழை ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் துணி காயும் என்று அறிமுகக் குறிப்பில் புதியவர்களுக்கு எழுதி வைத்திருப்பதும் நானே. மழை இல்லாத நாளில் யாரும் எதுவும் பதிய மாட்டார்கள், ஒருவரைத் தவிர. வாளி அண்ணன் மட்டும் காலிக் குழாயைப் படம் எடுத்து 'பூஜ்யம்' என்று போடுவார். நான்கு ஆண்டுகளாக, வெயில் கொளுத்தும் மாதங்களிலும், எட்டரைக்கு முதல் ஆளாக அது வந்து நிற்கும். நாங்கள் அதைக் கேலி செய்வோம், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

4. மில்லிமீட்டருக்காகப் பெரியவர்கள் சண்டை போடுவார்களா என்றால், போடுவார்கள் ஐயா. மரத்தடியில் வைத்தாய், சுவரோரம் வைத்தாய், குழாயைச் சாய்த்துப் படித்தாய் என்று ஆரம்பித்து, கடைசியில் படிப்பு, வயது, பிழைப்பு வரை இழுப்பார்கள். சண்டையை அடக்க என்னிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆறப்போடுதல்: ஒரு மணி நேரத்துக்கு யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டுவேன். இரண்டு, பெருக்குதல்: மாலை கடையில் கூட்டம் குறைந்ததும் உட்கார்ந்து, அன்றைய சண்டைப் பேச்சை எல்லாம் அழித்துவிடுவேன். படத்துடன் உள்ள அளவுப் பதிவை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் தொடமாட்டேன், அது ஆவணம். மறுநாள் காலை பார்ப்பவருக்குக் குழு துடைத்துவிட்ட கண்ணாடி போல இருக்கும். நான்கு ஆண்டுகளில் எங்கள் குழுவில் ஒரு சண்டைகூட நடந்ததில்லை என்று தங்களிடமும் பெருமையாகச் சொன்னேன். நடந்தன. நான் அழித்துவிட்டேன்.

5. மே 18, திங்கட்கிழமை. முந்தைய நாள் மாலை இடியுடன் மழை. காலையில் வந்த அளவுகள் எல்லாம் 28க்கும் 41க்கும் இடையில். என் மாடியில் 34. வாளி அண்ணன் 118 என்று படத்துடன் பதிந்தார். அவர் வீடு என் கடையிலிருந்து நடந்தால் இருபத்தைந்து நிமிடம். இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு வித்தியாசமா என்று குழு கலகலத்தது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் (குழுவில் 'ஆய்வகம்' என்போம்) முதலில் கேட்டார், குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினீர்களா என்று. பிறகு ஆளாளுக்குக் கேலியில் இறங்கினார்கள். வாளி அண்ணன் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். வழக்கமாக அளந்ததும் கொட்டிவிடும் நீரை அன்று கொட்டாமல் வைத்திருப்பதாகவும், யாராவது ஒருவர் வந்து பார்த்துவிட்டால் போதும் என்றும் எழுதினார். ஒருவரும் போகவில்லை. ஊர் முழுக்க மழையை அளக்கும் 214 பேரில் ஒருவருக்கும் இருபத்தைந்து நிமிடம் இல்லை.

6. அப்போது 'ஆய்வகம்' இப்படி எழுதினார்: "இப்படிப் பொய்க்கணக்கு எழுதுறவரை நம்பி எப்படித்தான் புள்ளைங்களை வேன்ல ஏத்தி விடுறாங்களோ." அந்தச் செய்தியின் கீழே ஏழு பேர் சிரிப்பு முகம் வைத்தார்கள். முதல் சிரிப்பு என்னுடையது. குழுவின் நிர்வாகி நான். அடக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். கடையில் ஒருவருக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டே, ஒரு கையால், யோசிக்காமல் வைத்த சிரிப்பு அது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். சரியாகவில்லை.

7. அதற்குப் பிறகுதான் வாளி அண்ணன் இரண்டாவது முறை குழாயைப் படம் எடுத்து, அதன் அடியில் எழுதினார்: "அளவு இதுதான். இத்தனை பேர் சேந்து சிரிக்கிறீங்க. அந்தக் கடை முன்னாடி வந்து ஒரு கல்லெடுத்து விட்டாத்தான் அடங்குவீங்க." அந்தச் சொல் தவறு. அதை நான் மழுப்ப வரவில்லை, அவரும் மழுப்பவில்லை (இணைப்பு 4). ஆனால் கோபத்திலும் மனிதர் குழுவின் விதியை மீறவில்லை ஐயா. படத்தோடு, அளவோடுதான் கோபப்பட்டார்.

8. அன்று மாலை நான் வழக்கம்போலப் பெருக்கினேன். முப்பத்தேழு செய்திகள் போயின. கேலிகள் போயின. 'ஆய்வகம்' எழுதியது போனது, அதனுடன் என் சிரிப்பும் போனது. வந்து பாருங்கள் என்று வாளி அண்ணன் அழைத்ததும் போனது, ஏனெனில் அதில் படம் இல்லை. கல்லைப் பற்றிய செய்தி மட்டும் நின்றது, ஏனெனில் அதில் படம் இருந்தது. விதிப்படி நான் அதைத் தொடக் கூடாது. ஆக, மறுநாள் காலை குழுவைத் திறந்து பார்த்தால், அமைதியான மனிதர்கள் அமைதியாக மழை அளந்துகொண்டிருக்க, ஒருவர் மட்டும் திடீரென்று என் கடைமேல் கல்லெறிவதாக எழுதியிருப்பது போல் இருந்தது.

9. அதே செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரை ஏற்றினால், முகப்புக் கண்ணாடி இரண்டாக உடைந்து கிடந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கடை அச்சுப்பொறியிலேயே பக்கங்களை எடுத்துக் கோப்பில் செருகி, அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, நேராகத் தங்களிடம் வந்தேன். மறுநாள் அவர் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, கைபேசியை ஒப்படைத்துவிட்டுச் சென்றதாகக் கேள்விப்பட்டபோது, வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதையும் எழுதாமல் விட்டால் மறுபடியும் பெருக்கியது போல் ஆகிவிடும்.

10. மே 31, ஞாயிறு மதியம். சாப்பிட்டுக் கை கழுவிய என் கணவர் துண்டை மடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன். திங்கட்கிழமை கடை அடைத்தது அவர்தான். ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியை அதன் வளையத்தில் மாட்டாமல் உள்பக்கம் கண்ணாடியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பின்கதவு வழியாக வந்திருக்கிறார். ஷட்டர் முழுதாக இறங்கியிருந்ததே, வெளியிலிருந்து கல் எப்படி உள்ளே வந்தது என்று நான் ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டாமா ஐயா? கம்பி சரிந்துதான் கண்ணாடி போயிருக்கிறது. உடைந்த துண்டுகளைப் பெருக்கும்போது கம்பி அடியில் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ அதுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்துட்ட. அதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். என்னிடம் ஒன்றைச் சொல்ல வீட்டில் இருப்பவருக்கே பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது.

11. அப்போதும் நான் உடனே தங்களிடம் ஓடி வரவில்லை. கண்ணாடி விஷயம் வேறு, மிரட்டல் மிரட்டல்தானே, 118 பொய்தானே என்று இரண்டு நாள் பிடிவாதமாக இருந்தேன்.

12. ஜூன் 2 அன்று, தளர்ந்துபோன ஃபிரேமை இறுக்கிக்கொள்ள உறுப்பினர் ஒருவர் கடைக்கு வந்தார். மாடித்தோட்டம் போட்டிருப்பவர். வாளி அண்ணன் தெருவுக்கு அடுத்த தெரு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னை நேராகப் பார்த்து, "என் நூத்தி ஒன்பதை ஏம்மா எடுத்தீங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. சண்டை நடந்த அன்று அவரும் தன் அளவை எழுதியிருக்கிறார். 109. அந்த மழையிலேயே கைபேசிக்குள் தண்ணீர் இறங்கி கேமரா மங்கிவிட்டதால் படம் போட முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். படம் இல்லையேல் அளவு இல்லை. முப்பத்தேழில் ஒன்றாக அதையும் அழித்திருக்கிறேன், படிக்காமலே. விதியைச் சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, "படம் இல்லன்னா பெஞ்ச மழை பெய்யலன்னு ஆயிடுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

13. அழித்த செய்திகளை என்னால் மீட்க முடியவில்லை. 'ஆய்வகம்' அவர்களிடம் போனேன். நண்பர்களிடம் காட்டிச் சிரிப்பதற்காக அன்றைய உரையாடலை அவர் தன் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். தயங்காமல் கொடுத்தார், தன் பங்கை ஒப்புக்கொண்டு கடிதமும் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "நான் ஒண்ணு சொன்னேன், நீங்க சிரிச்சீங்க. அதனாலதான் இன்னும் நாலு போட்டேன்."

14. ஐயா, இனி நான் சொல்வதற்குத் தாங்கள் என்னை நம்ப வேண்டியதில்லை, தங்கள் கோப்பே போதும். என் முதல் மனுவின் இரண்டாம் இணைப்பை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். கல்லைப் பற்றி எழுதியிருக்கும் அதே படம். முன்னால் அளவுக்குழாய், பின்னால் மங்கலாகத் தெரு தெரியும். தெருவில் நிற்பது அவரது வேன். பின் சக்கரம் பாதிக்கு மேல் தண்ணீரில் இருக்கிறது. மழை விட்டு ஒரு முழு இரவு கழிந்த பிறகும் அவ்வளவு நீர். 34 மில்லிமீட்டர் மழையில் எந்தத் தெருவிலும் அப்படி நிற்காது. பிறர் பார்வையைச் சோதித்துச் சான்று எழுதிக் கொடுப்பது என் தொழில். நான் அந்தப் படத்தை அச்செடுத்தேன், துளையிட்டேன், கோப்பில் செருகினேன், தங்கள் மேசைமேல் வைத்தேன். பார்க்கவில்லை.

15. நேற்று, ஜூன் 4 மாலை, அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். இருபத்திரண்டு நிமிடம்தான் ஆனது. வாளி அண்ணன் வேனுக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். என் செருப்பைப் பார்த்தோ குரலைக் கேட்டோ வெளியே வந்தார். வாங்க என்றார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன், திட்டவில்லை. நான் சொல்ல வந்ததை எல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு, "அளவு சரியா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். சரி என்றேன். தலையை ஆட்டினார். மறுபடியும் வேனுக்கு அடியில் போய்விட்டார்.

16. அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லி இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தார். ஒன்று, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிய ஒரு பாட்டில். யாராவது வந்து பார்க்கட்டும் என்று கொட்டாமல் வைத்த மழை. இன்னொன்று, பள்ளி வேன் வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கம். மே 20 முதல் ஜூன் 4 வரை பதினாறு நாள்களின் அளவும் அதில் எழுதியிருந்தது. இரண்டு நாள் லேசான தூறல், மீதி பதினான்கும் பூஜ்யம். வீட்டில் இருப்பது படம் எடுக்க முடியாத பட்டன் போன். அதனால் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே 'படம் இல்லை' என்று அவரே குறித்திருக்கிறார். நான் அவரை நீக்கிய குழுவின் விதியை, நான் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்தும், அவர் காப்பாற்றியிருக்கிறார். ஒரு பூஜ்யத்தைக்கூடக் கூட்டி எழுதாதவர் நூற்றுப் பதினெட்டைப் பொய்யாக எழுதுவாரா என்று மே 18 அன்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியவள் நான்.

17. எனவே தங்களைப் பணிந்து வேண்டுவன:

(அ) மே 19ஆம் தேதிய என் புகாரை, அது முழுமையற்ற ஆதாரத்தின் பேரில் அளிக்கப்பட்டது என்ற குறிப்புடன் முடித்துவைக்க வேண்டும். 'சமரசம்' என்று எழுத வேண்டாம். சமரசம் என்றால் அவர் மேலும் பாதித் தவறு இருப்பதாக ஆகும்.

(ஆ) அவரது நன்னடத்தைச் சான்றுக்கு உள்ள தடையை நாளை சனிக்கிழமைக்குள் நீக்க வேண்டும். திங்கள் காலை ஏழு மணிக்கு வேன் புறப்பட வேண்டும். தேவையானால் நானே பள்ளிக்கு வந்து எழுத்தில் தருகிறேன்.

(இ) விசாரணைக்காகப் பெற்ற கைபேசியை அவரிடமே திருப்பித் தர வேண்டும்.

(ஈ) அழித்த செய்திகளை மறைத்துப் புகார் அளித்ததற்காக என் மேல் எடுக்கத்தக்க நடவடிக்கை எதுவாயினும் எடுக்க வேண்டும். கண்டிப்பு மட்டும் போதும் என்று தாங்கள் நினைத்தால், அதை அவர் முன்னிலையில் செய்ய வேண்டுகிறேன்.

18. நிர்வாகிப் பொறுப்பிலிருந்து விலகுவதாக நேற்றே குழுவில் தெரிவித்துவிட்டேன். முப்பத்தேழு செய்திகளையும் மீண்டும் பதிந்துவிட்டேன், என் சிரிப்பு தெரியும்படி. மே மாத அட்டவணையில் 118க்கு எதிரே நான் போட்டிருந்த 'ஐயம்' என்ற குறியை எடுத்துவிட்டேன். 109ஐயும் சேர்த்தாயிற்று. இருபது பேர் அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர் எண்ணைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், ஆனால் அந்த எண் தங்கள் நிலைய அலமாரியில் இருப்பதால் அவர் எதையும் பார்க்கவில்லை.

19. இன்று காலை எட்டரைக்கு எங்கும் மழை இல்லை. குழுவில் ஒருவரும் எதுவும் பதியவில்லை. மாடிக்குப் போய் என் காலிக் குழாயைப் படம் எடுத்து 'பூஜ்யம்' என்று போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, அது அவருடைய இடம். எடுத்துவிடலாமா என்று விரல் போனது. இனி எதையும் அழிப்பதில்லை என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை எட்டரைக்கு, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு, அவரே அதைப் போடும்படி ஆவது தங்கள் ஒரு கையெழுத்தில் இருக்கிறது.

இணைப்புகள்:
1. அழிக்கப்பட்ட 37 செய்திகளின் அச்சுப்படிகள்.
2. 'ஆய்வகம்' என்னும் உறுப்பினரின் கடிதம்.
3. கொக்கிக் கம்பி பற்றி என் கணவர் எழுதிக் கையொப்பமிட்ட விளக்கம்.
4. கல்லைப் பற்றி எழுதியதற்கு வருத்தம் தெரிவித்து வாளி அண்ணன் தந்த கடிதம். (நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அவரே கொடுத்தார்.)
5. பதினாறு நாள் அளவுத் தாளின் நகல். மூலத்தை அவர் தரவில்லை, மறுநாள் அளவை அதில் எழுத வேண்டும் என்றார்.

செய்த பிழையைத் தாமதமாகக் கண்டவள் என்ற முறையில், தங்கள் விரைவை மட்டுமே நம்பி,

இடம்: கடைத்தெரு
நாள்: ஜூன் 5, வெள்ளி

(கையொப்பம்)
மனுதாரர்,
முதல் மனுவில் கையொப்பமிட்ட அதே பெண்